கடல் மைலும் ஆங்ஸ்ட்ராமும்

ஆங்கிலத்தில் ‘என்.எம்.’ என்று இரண்டே எழுத்துகளில் எழுதப்படும் ஒரு குறுக்கம் உண்டு. கப்பல் மாலுமி அதைக் கண்டால் ‘கடல் மைல்’ என்று வாசிப்பார். அணுக்களின் அடுக்கை ஆராயும் விஞ்ஞானி கண்டால் ‘நானோமீட்டர்’ என்று வாசிப்பார். இவ்விருவரும் மும்பை நகரிலேயே வாழ்கின்றனர். ஒருவர் துறைமுகத்தில் பணி புரிகின்றார். மற்றவர் செம்பூரை அடுத்த டிராம்பேயில் பணி புரிகின்றார். இருவரும் ஒரே மின்சார ரயிலில் எதிரெதிரே அமர்ந்து செல்வதும் கூடும். ஆயினும், அவ்விரண்டு எழுத்துகளால் ஒருவர் குறிக்கும் நீளம் மற்றவர் குறிக்கும் நீளத்தைப்போல் 1,85,200 கோடி மடங்கு பெரியது.

மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்ட என்னை இந்த இரண்டு எழுத்துகள் ஒருமுறை படுத்திய பாட்டைச் சொல்லி விட்டே விஷயத்துக்குள் புகுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே நாளில் இரண்டு தாள்கள் என் மேசைக்கு வந்தன. முற்பகலில் வந்தது அணு ஆராய்ச்சியைப் பற்றிய ஒரு கட்டுரை. பிற்பகலில் வந்தது மீனவர்களுக்கான ஓர் அறிவிப்பு. அதிலிருந்த அட்டவணையின் தலைப்புகள் யாவும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அடிக்கப்பட்டிருந்தன. முற்பகலின் பழக்கம் கையை விட்டு நீங்கவில்லை போலும்; ‘கரையிலிருந்து தொலைவு’ என்ற பத்தியின் தலையில் ‘நானோமீட்டர்’ என்று எழுதி அனுப்பி விட்டேன். மெய்ப்புப் பார்க்கும் பெரியவர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘படகு கரையிலிருந்து 12 நானோமீட்டர் தள்ளி நின்றால் அது கரைமேல்தான் நிற்கிறது, தம்பி’ என்று எழுதித் திருப்பினார். அறை முழுவதும் நகைத்தது. நானும் நகைத்தேன். அந்த அவசரத்தில் ‘நானோமீட்டர்’ என்பதை அடித்து ‘மைல்’ என்று எழுதினேன். அதைக் கண்டு எவரும் நகைக்கவில்லை. அது அப்படியே அச்சேறிற்று.

மூன்று வாரங்கள் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. சாசூன் துறையிலிருந்து புறப்படும் விசைப்படகு ஒன்றில் வேலை செய்யும் தூத்துக்குடிக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். ‘ஐயா, இதில் கண்ட 12 மைல் தரை மைலா, கடல் மைலா?’ என்பது அவர் வினா.

தரை மைல் 1,609 மீட்டரும் சிறிதும் ஆகும். கடல் மைல் சரியாக 1,852 மீட்டர். 12 தரை மைல் என்றால் 19.31 கிலோமீட்டர்; 12 கடல் மைல் என்றால் 22.22 கிலோமீட்டர். இடைவெளி ஏறத்தாழ 2.9 கிலோமீட்டர். 1976ஆம் ஆண்டின் கடற்பரப்புச் சட்டப்படி நம் நாட்டின் ஆட்சிக்குரிய கடல் கரையோர அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரை பரவியது. தனிப் பொருளாதார மண்டலம் 200 கடல் மைல் வரை செல்வது. இந்த இருநூற்றைத் தரை மைல் என்று ஒருவர் கொண்டு விட்டால் 48 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அகலமுள்ள கடல் கணக்கிலிருந்து மறைந்து போகும். படகின் உரிமமும், வலையும், சில வேளைகளில் படகோட்டியின் விடுதலையுமே ஒரு கோட்டுக்கு இப்புறமோ அப்புறமோ என்பதைப் பொறுத்து நிற்கின்றன. பாக் நீரிணையில் தொழில் செய்வோருக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

இங்கே எனக்கு உறைத்தது இதுதான். இலட்சம் கோடி மடங்கு பிழை ஒருவருக்கும் தீங்கு செய்யவில்லை. தன்னைத் தானே காட்டிக் கொடுத்து விட்டது. நூற்றுக்குப் பதினைந்து என்ற சிறு பிழையோ நல்ல பிள்ளைபோல் அச்சுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று முதல் கடல் மைலையும் அணு அளவையும் இணைக்கும் கணக்கை நான் ஒழுங்காகக் கற்றேன். அது அப்படி ஒன்றும் கடினமன்று.

முதலில் கடல் மைல் எப்படிப் பிறந்தது என்று காண்போம். பூமியைச் சுற்றி வடக்கு தெற்காக ஒரு வட்டம் வரைவதாகக் கொள்வோம். வட்டத்துக்கு 360 பாகை. பாகை ஒன்றுக்கு 60 கலை. இதை நிமிடம் என்றும் வழங்குவர். ஆக, வட்டம் முழுவதற்கும் 21,600 கலைகள். கடலின் மேற்பரப்பில் ஒரு கலையின் நீளமே ஒரு கடல் மைல். மாலுமிக்கு இது மிக வசதியானது. கடல்வரைபடத்தின் இரு பக்க ஓரங்களிலும் அட்சரேகையின் பாகைகளும் கலைகளும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டு இடங்களுக்கு இடையே கவராயத்தை விரித்து, விரித்தபடியே பக்க ஓரத்தில் வைத்து, எத்தனை கலை என்று எண்ணினால் அத்தனை கடல் மைல். பெருக்கல் இல்லை, வகுத்தல் இல்லை. தான் அளக்கும் இடத்தின் நேரே உள்ள ஓரத்தில் வைத்து எண்ண வேண்டும் என்பது ஒன்றே விதி. ஏனெனில் வழக்கமான கடல்வரைபடங்களில் துருவத்தை நோக்கிப் போகப் போகக் கலையின் நீளம் விரிந்து கொண்டே போகும்.

ஊரை விட்டு வந்த நம்மவர்க்கும் இது பயன்படும் கணக்கே. திருநெல்வேலி எவ்வளவு தூரம் என்று தாராவியில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ரயிலில் எத்தனை இரவு என்றுதான் விடை வரும். தாராவியின் அட்சம் ஏறத்தாழ வடக்கு 19 பாகை 2 கலை. திருநெல்வேலியின் அட்சம் ஏறத்தாழ 8 பாகை 44 கலை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 10 பாகை 18 கலை, அதாவது 618 கலை. ஆகவே தாராவி வடக்கே எவ்வளவு ஏறியிருக்கிறது என்றால் 618 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 1,145 கிலோமீட்டர். கிழக்கு மேற்கு விலகல் இதில் சேரவில்லை. இருப்புப்பாதையின் வளைவுகளும் சேரவில்லை.

ஆனால் பூமி சரியான உருண்டை அன்று. துருவங்களில் சற்றே தட்டையானது. அதனால் நிலநடுக்கோட்டருகே ஒரு கலை ஏறத்தாழ 1,843 மீட்டராகவும், துருவத்தருகே ஏறத்தாழ 1,862 மீட்டராகவும் இருக்கின்றது. நாட்டுக்கு நாடு ஒரு கடல் மைல் வழங்கி வந்தது. பிரிட்டிஷார் 6,080 அடியைக் கொண்டனர்; அது மீட்டர்க் கணக்கில் 1,853 மீட்டரைச் சற்றே கடந்தது. 1929இல் மொனாக்கோவில் கூடிய நீரியல் அளவை மாநாடு 1,852 மீட்டரைப் பன்னாட்டுக் கடல் மைலாக ஏற்றது. அமெரிக்கா 1954இல்தான் அதற்கு இசைந்தது.

இந்த 1,852 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு சுவை உண்டு. மீட்டரும் அதே பூமி வட்டத்தின் குழந்தை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து அறிஞர்கள், துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள கால்வட்டத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கே மீட்டர் என வகுத்தனர். டெலாம்பர், மெஷேன் என்ற இருவர் டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை ஆண்டுக்கணக்கில் நடந்து அளந்தனர். கால்வட்டம் ஒரு கோடி மீட்டர் என்றால் முழுவட்டம் நான்கு கோடி மீட்டர். அதை 21,600ஆல் வகுத்தால் 1,851.85 வரும். சில்லறையைத் தள்ளி முழுமையாக்கினால் 1,852. ஆக, கடல் மைலும் மீட்டரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றை அறுபதின் கூறாகவும் மற்றொன்றைப் பத்தின் கூறாகவும் வளர்த்தார்கள், அவ்வளவே. நம் பரங்கிமலைச் சமவெளியில் 1802இல் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நிலஅளவையும் பூமியின் இந்த வளைவைத் தேடிய முயற்சியே.

இனி ஆங்ஸ்ட்ராம். ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராம் ஸ்வீடன் நாட்டுப் பௌதிக அறிஞர்; 1814இல் பிறந்து 1874இல் மறைந்தவர். சூரிய ஒளியைப் பிரித்தால் அதில் எண்ணிறந்த கருங்கோடுகள் தோன்றும். ஒவ்வொரு கோட்டுக்கும் உரிய அலைநீளத்தை அளந்து 1868இல் அவர் ஓர் அட்டவணை வெளியிட்டார். மில்லிமீட்டரில் எழுதினால் புள்ளிக்குப் பின்னே பூஜ்யங்கள் வரிசையாக நின்றமையால், ஒரு மில்லிமீட்டரின் கோடியில் ஒரு பங்கை அலகாகக் கொண்டார். அந்த அலகே பின்னர் அவர் பெயரைத் தாங்கிற்று. பச்சை ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 5,500 ஆங்ஸ்ட்ராம். ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவு ஏறத்தாழ ஓர் ஆங்ஸ்ட்ராம். பத்து ஆங்ஸ்ட்ராம் சேர்ந்தால் ஒரு நானோமீட்டர். ஓர் ஆங்ஸ்ட்ராமை நூறாகப் பகுத்தால் ஒரு பிக்கோமீட்டர்.

ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடி ஆங்ஸ்ட்ராம் என்பதை மட்டும் மனத்தில் இருத்திக் கொண்டால் போதும். மற்றவை தாமே வரும். மீட்டருக்கு ஆயிரம் மில்லிமீட்டர். எனவே ஆயிரம் கோடி ஆங்ஸ்ட்ராம். கடல் மைலுக்கு 1,852 மீட்டர்; எனவே 18,52,000 கோடி ஆங்ஸ்ட்ராம். பத்தின் அடுக்கில் எழுதுவோர் 1.852 என எழுதிப் பத்தின் பதின்மூன்றாம் அடுக்கால் பெருக்குவர். நானோமீட்டரில் வேண்டுமாயின் ஒரு பூஜ்யத்தைக் குறைக்க வேண்டும்: 1,85,200 கோடி. பிக்கோமீட்டரில் வேண்டுமாயின் ஆங்ஸ்ட்ராம் எண்ணோடு இரண்டு பூஜ்யம் கூட்ட வேண்டும். தாராவிக்கும் திருநெல்வேலிக்கும் உள்ள 618 கடல் மைலை இவ்வாறு மாற்றினால் 114 கோடியே 45 லட்சத்து 36 ஆயிரம் கோடி ஆங்ஸ்ட்ராம் ஆகும். ஆனால் இந்த விடையின் கடைசி இலக்கங்களை நம்பிவிடலாகாது. 618 என்பதே ‘ஏறத்தாழ’ என்று எடுத்த எண். முழம்போட்டு அளந்ததை மயிரிழையாக மாற்றி எழுதினால் அளவு நுட்பமாகி விடாது. எழுத்து நீளும், அவ்வளவுதான்.

‘கோடானுகோடி’ என்று நாம் வாய்க்கு வந்தபடி சொல்கின்றோம். அதற்கு ஓர் உருவம் கொடுக்க இந்தக் கணக்கு உதவுகின்றது. மும்பையின் இந்திய வாயிலருகே விசைப்படகு ஏறி எலிபெண்டாத் தீவுக்குப் போகாத தமிழர் மாதுங்காவில் சிலரே இருப்பர். அந்தத் தொலைவு ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 5.4 கடல் மைல். பத்துக் கிலோமீட்டரில் ஒரு கோடி மில்லிமீட்டர் உண்டு. ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் ஒரு கோடி ஆங்ஸ்ட்ராம் உண்டு. ஆகவே கரையிலிருந்து அத்தீவு ஏறத்தாழ கோடி கோடி ஆங்ஸ்ட்ராம் தொலைவில் இருக்கின்றது. படகில் ஏறிக் கடலைக் கொறித்து முடிப்பதற்குள் கோடானுகோடியைக் கடந்து விடுகின்றோம்.

பெரியதையும் மிகச் சிறியதையும் ஒரே ஏணியில் நிறுத்தும் எண்ணம் நமக்குப் புதிதன்று. கணக்கதிகாரம் முதலிய பழைய கணக்கு நூல்களில் வழங்கும் நீட்டலளவை வாய்பாடு அணுவில் தொடங்கிக் காதத்தில் முடிகின்றது. பதிப்புக்குப் பதிப்பு சில பெயர்கள் மாறினாலும், பெரிதும் வழங்கும் ஒரு வாய்பாட்டின்படி எட்டு அணு ஒரு கதிரெழு துகள். அதுபோல் எட்டெட்டாகப் பஞ்சிற்றுகள், மயிர்நுனி, நுண்மணல், சிறுகடுகு, எள், நெல் என ஏறி எட்டாம் படியில் விரல் வரும். பின்னர் 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம், 4 முழம் ஒரு கோல், 500 கோல் ஒரு கூப்பிடு தூரம், 4 கூப்பிடு தூரம் ஒரு காதம். எட்டை எட்டு முறை பெருக்கினால் விரலுக்கு 1,67,77,216 அணு. காதத்துக்கு 1,92,000 விரல். இரண்டையும் பெருக்கினால் ஒரு காதத்தில் 3,22,122 கோடியே 54 லட்சத்து 72 ஆயிரம் அணு. திண்ணைப் பள்ளியில் இதைப் போட்ட பிள்ளைகளின் பொறுமையை வணங்குகின்றேன்.

விரலை இரண்டு சென்டிமீட்டர் என்று கொண்டால், அந்த வாய்பாட்டின் அணு ஏறத்தாழ 12 ஆங்ஸ்ட்ராம் ஆகின்றது. இதைக் கண்டதும், நம் முன்னோர் அணுவை அன்றே அளந்து விட்டனர் என்று மார்தட்டத் தோன்றும். அது தகாது. அவர்களிடம் அதற்கான கருவி இல்லை; பகுக்கப் பகுக்கப் பகுபடாத ஒன்றில் போய் முடியும் என்ற எண்ணமும், எட்டு என்ற எண்ணுமே இருந்தன. எட்டுக்குப் பதிலாகப் பத்தை வைத்திருந்தால் விடை ஆறு மடங்கு சிறுத்திருக்கும். ஆயினும், மேல்முனையில் காதத்தையும் கீழ்முனையில் அணுவையும் ஒரே மூச்சில் சொல்லத் துணிந்தார்களே, அந்தத் துணிவு பெரிது.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவியில் தோல்பை தைக்கும் நண்பர் ஒருவரிடம் சொல்லிக் கொண்டிருந்தேன். கையில் இருந்த ஊசியை நிறுத்தாமலே அவர், ‘கடல் மைலு மீன்பிடிக்கவனுக்கு வேணும். இந்த ஆங்ஸ்ட்ராமு யாருக்கு அண்ணாச்சி?’ என்றார். அவர் மடியில் கிடந்த தோலையே நான் சுட்டிக் காட்டினேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் தொழிலோடு மக்கள் தாராவிக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பதனிடும் சாலைகள் பெரும்பாலும் அங்கிருந்து அகன்று விட்டன. பை, இடைவார், பணப்பை என்று தோலைப் பொருளாக்கும் பட்டறைகள் நிலைத்தன. நண்பர் மடியில் இருந்த தோலின் பருமன் ஒரு மில்லிமீட்டரும் சற்றும் இருக்கும். அதாவது ஒரு கோடி ஆங்ஸ்ட்ராமும் சற்றும். அந்தத் தோல் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதம். அப்புரதத்தின் மூலக்கூறு ஏறத்தாழ 3,000 ஆங்ஸ்ட்ராம் நீளமும் 15 ஆங்ஸ்ட்ராம் குறுக்களவும் உடைய மெல்லிய கயிறு. அதன் உள்ளமைப்பு நெடுநாள் விளங்காதிருந்தது. 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், அது மூன்று இழைகள் சேர்ந்தமைந்தது என்று எக்ஸ்-கதிர்ச் சான்றுகளைக் கொண்டு காட்டினர். அடுத்த ஆண்டில், அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய நிலையில் உள்ளன என்று அதைத் திருத்தமாக்கினர். அக்கயிற்றின் நெடுக ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததிலிருந்து ஏறத்தாழ 2.9 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நிற்கின்றது. பச்சைத்தோல் அழுகாமல் தோற்பொருளாக நிலைப்பது ஏன்? பதனிடும்போது குரோமியச் சேர்மங்கள் இந்தக் கயிறுகளின் ஊடே புகுந்து அவற்றைக் குறுக்கே பிணைக்கின்றன. சில ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் நிகழும் அந்தப் பிணைப்பே நண்பரின் பைக்கு ஆயுள்.

பதனிடுமுன் பச்சைத்தோலில் உப்புத் தடவி வைப்பார்கள் அல்லவா? உப்புப் பளிங்கில் சோடியமும் குளோரினும் மாறி மாறி 2.82 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் நிற்கின்றன. அவற்றை அதே இடைவெளியில் ஒற்றை வரிசையாக ஒரு கடல் மைல் தூரம் நிறுத்தினால் ஏறத்தாழ 6 லட்சத்து 57 ஆயிரம் கோடி அணுக்கள் வேண்டும். நொடிக்கு ஒன்றாக எண்ணினால் 2 லட்சத்து 8 ஆயிரம் ஆண்டுகள் செல்லும். நண்பர் அப்போதுதான் ஊசியை நிறுத்தினார்.

இத்தனை சிறிய இடைவெளியை எவ்வாறு அளக்கின்றனர்? துவரம்பருப்பை நிலஅளவைச் சங்கிலியால் அளக்க முடியாது; அளக்கும் கோலும் அளக்கப்படும் பொருளும் ஏறத்தாழ ஓரளவினவாக இருத்தல் வேண்டும். எக்ஸ்-கதிர்களின் அலைநீளம் ஆங்ஸ்ட்ராம் அளவினது. அணு உலையிலிருந்து மெதுவாக்கி எடுக்கும் நியூட்ரான்களும் அலையாக நடந்து கொள்கின்றன. நொடிக்கு 2,200 மீட்டர் வேகத்தில் செல்லும் நியூட்ரானின் அலைநீளம் ஏறத்தாழ 1.8 ஆங்ஸ்ட்ராம். செம்பூருக்கு அப்பால் டிராம்பேயில் 1956 ஆகஸ்டில் அப்சரா உலை இயங்கத் தொடங்கிற்று. 1960இல் சைரஸும், 1985இல் துருவாவும் தொடர்ந்தன. அங்கே நியூட்ரான் சிதறல் ஆராய்ச்சிக்கு வழிகோலியவர்களுள் பி. கே. அய்யங்கார் முதன்மையானவர். நியூட்ரான் கற்றையை ஒரு பளிங்கின்மீது செலுத்தி, அது எந்தக் கோணங்களில் சிதறுகின்றது என்று பார்த்து, அணுக்களின் இடைவெளியைக் கணக்கிடுகின்றனர். மாலுமி விண்மீனின் கோணத்தை அளந்து கடல் மைலைக் காண்கின்றான். டிராம்பே விஞ்ஞானி சிதறலின் கோணத்தை அளந்து ஆங்ஸ்ட்ராமைக் காண்கின்றார். இருவர் கையிலும் உள்ளது கோணமே.

கடலில் மட்டுந்தான் ‘எந்த மைல்’ என்ற வம்பு என்று எண்ணற்க. ஆங்ஸ்ட்ராமின் சொந்த அட்டவணையிலேயே ஏறத்தாழ ஏழெட்டாயிரத்தில் ஒரு பங்கு பிழை இருந்தது. அவர் நம்பியிருந்த மீட்டர்க்கோல் சற்றே குட்டையாக இருந்ததுதான் காரணம். அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1884இல், அவருடன் பணியாற்றிய தாலேன் திருத்தத்தை வெளியிட்டார். 1907இல் காட்மியத்தின் சிவப்புக் கோட்டை 6438.4696 ஆங்ஸ்ட்ராம் என்று நிலைநிறுத்தி, அதிலிருந்து ஆங்ஸ்ட்ராமை வரையறுத்தனர். அப்போது மீட்டருக்கும் அதற்கும் இருந்த உறவு சட்டப்படியான உறவன்று, கிட்டத்தட்ட உறவு. எக்ஸ்-கதிர் அறிஞர்களோ சீக்பான் வகுத்த வேறோர் அலகைக் கையாண்டனர். ஆங்ஸ்ட்ராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கருதப்பட்ட அது, பின்னர் ஆயிரத்துக்கு இரண்டு வீதம் மிகுதியெனத் தெரிய வந்தது. எந்த அலகு என்று குறிக்காமல் வெளியிட்ட பழைய அளவுகளைப் பின்வந்தோர் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதாயிற்று. 1960இல் மீட்டரையே ஒளியலையைக் கொண்டு வரையறுத்த பின்னர்தான் ஆங்ஸ்ட்ராம் மீட்டரின் ஆயிரங்கோடியில் ஒரு பங்கு என்பது ஐயமற நின்றது.

எண்களின் பெயரிலும் ஒரு பள்ளம் உண்டு. ஒரு கடல் மைலுக்கு உரிய ஆங்ஸ்ட்ராம் எண்ணை அமெரிக்கர் 18.52 டிரில்லியன் என்பர். பழைய பிரிட்டிஷ் நூல்களோ அதே எண்ணை 18.52 பில்லியன் என்னும். அங்கே பில்லியன் என்றால் பத்து லட்சத்தைப் பத்து லட்சத்தால் பெருக்கிய தொகை. பிரிட்டிஷ் அரசு 1974இல்தான் அமெரிக்க வழக்குக்கு மாறிற்று. அதற்கு முற்பட்ட நூலொன்றை மொழிபெயர்ப்பவர் பதிப்பாண்டைப் பார்க்காமல் ‘நூறு கோடி’ என்று எழுதினால் ஆயிரம் மடங்கு தவறுவார். லட்சமும் கோடியும் இவ்வகையில் நமக்குப் பெருந்துணை. அவற்றில் இரண்டு கட்சி இல்லை. கோடிக்கு மேலேயோ தொல்காப்பிய உரைகள் சொல்லும் தாமரை, வெள்ளம், ஆம்பல் முதலிய பேரெண்கள் இன்று வழக்கிழந்தன. ஆதலால்தான் ‘லட்சம் கோடி’ என்று அடுக்கிச் சொல்கின்றோம். அழகாக இல்லாவிட்டாலும் தெளிவாக இருக்கின்றது.

மீண்டும் அந்த இரண்டு எழுத்துகளுக்கு வருவோம். நானோமீட்டருக்குரிய குறி சிறிய எழுத்துகளில் மட்டுமே எழுதப்படுவது; அது உலகம் ஒப்பியது. கடல் மைலுக்கோ உலகம் ஒப்பிய ஒரே குறி இல்லை. ஓரிடத்தில் ‘எம்’ என்ற ஒற்றைப் பெரிய எழுத்து, விமானத் துறையில் ‘என்.எம்.’ என்று இரண்டு பெரிய எழுத்துகள், வேறு சிலர் கையில் அதே இரண்டும் சிறிய எழுத்துகளில். பன்னாட்டு அளவை நிறுவனம் 2006இல் வெளியிட்ட கையேட்டில், மீட்டர் முறையில் சேராத வேற்றலகுகளுக்கென அமைந்த ஓர் அட்டவணையில் ஆங்ஸ்ட்ராமும் கடல் மைலும் ஒன்றாகவே இடம் பெற்றிருந்தன. கடல் மைலுக்கு ஒப்பிய குறி இல்லை என்பதையும் அக்கையேடே கூறிற்று. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடாவது ஓரளவு கை கொடுக்கும். தமிழில் ‘என்.எம்.’ என்று எழுதினால் அதுவும் போயிற்று. ஆகவே நான் இப்போது இரண்டையும் முழுப்பெயராலேயே எழுதுகின்றேன். இட நெருக்கடி என்று அச்சகத்தார் முணுமுணுப்பதுண்டு.

அஞ்சலட்டை எழுதிய தூத்துக்குடிக்காரருக்குத் தவறு என்னுடையதே என்று ஒப்புக்கொண்டு, ‘12 கடல் மைல், அதாவது 22.224 கிலோமீட்டர்’ என்று மறுமொழி எழுதினேன். திருத்தச் சீட்டும் அச்சாகி ஒட்டப்பட்டது. பத்து நாளில் அவரிடமிருந்து மற்றோர் அட்டை வந்தது. ‘படகில் உள்ள ஜி.பி.எஸ். பெட்டியில் கடல் மைல்தான் காட்டுகிறது, ஐயா. அது போதும். கிலோமீட்டர் வேண்டாம்’ என்று எழுதியிருந்தார்.